பல்லி கத்தியது கம்ப்யூட்டருக்குள்ளே!

‘டிக்... டிக்... டிக்...’

முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டபோது நான் அண்ணாந்து சுவரைப் பார்த்தேன். இரண்டாம் நாள் மேஜை டிராயரிலிருந்த பஞ்சாங்கத்தை எடுத்து, தென்கிழக்கு மூலையில் பல்லி சொன்னால் என்ன பலன் என்று தேடினேன். ‘தன விரயம்’ என்று போட்டிருந்தது. மூன்றாம் நாள், பொன்னேரியிலிருந்து வந்த சர்வீஸ் தம்பி கம்ப்யூட்டர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வரும் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

“ஸார், பல்லி உள்ளே இருக்கு!”

“பெட்டிக்குள்ளே எப்படிப்பா போச்சு?”

“நிஜப் பல்லி இல்லே ஸார். ஹார்ட் டிஸ்க். சாகப் போகுது.”

பஞ்சாங்கம் பொய் சொல்லவில்லை!

இது நடந்தது 2011 டிசம்பரில். அப்போது நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சின்ன ஃபவுண்டரியில் டைம் ஆபீஸ் கிளார்க். ‘டைம் ஆபீஸ்’ என்றால் ஏதோ கடிகாரம் ரிப்பேர் செய்கிற இடம் என்று என் மாமனார் கடைசி வரை நினைத்துக்கொண்டிருந்தார். தொழிலாளிகளின் வருகை, ஓவர்டைம், சம்பளம், போனஸ் இவைதான் என் இலாகா. உபரியாக, வாசலில் இருக்கும் லாரி எடை மேடையின் கணக்கும் என் தலையில்.

வீடு திருவள்ளூரில். ஒரே ஜில்லாதான்; ஆனால் ரயிலில் போகத் தலையைச் சுற்றித்தான் மூக்கைத் தொட வேண்டும். திருவள்ளூரில் ஏறி பேஸின் பிரிட்ஜில் இறங்கி, அங்கிருந்து கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்து, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று ஊர்கோலம் போக வேண்டும். பஸ்ஸில் போகலாம் என்றால், அந்த நவம்பரில்தான் தமிழ்நாடு முழுக்க பஸ் கட்டணத்தை ஏற்றியிருந்தார்கள். ஆகவே ரயிலே துணை.

தாயத்து கட்டிய கம்ப்யூட்டர்

எங்கள் கம்ப்யூட்டர் 1998-ல் வந்தது. வந்த அன்று சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றி உடைத்தோம். அந்த அறைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு வரக் கூடாது என்று போர்டு எழுதியதே நான்தான். பென்டியம்-2, விண்டோஸ் 98, 4.3 ஜி.பி. ஹார்ட் டிஸ்க். ‘இதை ரொப்பறதுக்கு உங்க ஆயுசு பத்தாது ஸார்’ என்று விற்றவர் சொன்னார்.

“இன்னும் ஏன் அதைக் கட்டிண்டு அழறீங்க? தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கச் சொல்லுங்களேன்” என்பான் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த என் பையன். அவனுக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டான். எடை மேடையிலிருந்து வரும் ஒயர் சேருகிற கார்டு, பழைய ஐ.எஸ்.ஏ. ரகம். 2011-ல் கடையில் விற்ற கம்ப்யூட்டர்களில் அந்தக் கார்டைச் செருக இடமே கிடையாது. சம்பள புரோகிராம் டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதியது. பிரிண்டர் செருகும் இடத்தில் தாயத்து மாதிரி ஒரு சின்ன டப்பா தொங்கும். ‘டாங்கிள்’ என்று பெயர். அதைக் கழற்றினால் புரோகிராம் வேலை செய்யாது. எழுதிக் கொடுத்தவர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார். ஆக, அந்தக் கிழ கம்ப்யூட்டர் ஓடினால்தான் லாரி நகரும், சம்பளம் வரும்.

ஆனால் என் வயிற்றைக் கலக்கியது லாரியும் இல்லை, சம்பளமும் இல்லை. ஒரு பெரியவர்.

“திங்கக்கிழமை வாங்க அண்ணே!”

எளாவூர்ப் பக்கத்துக்காரர். மோல்டிங் செக்‌ஷனில் 1999 ஜூனில் சேர்ந்தார். பன்னிரண்டு வருஷம் சூட்டில் வெந்து, கண்ணில் புரை விழுந்து, 2011 செப்டம்பரில் வேலையை விட்டு நின்றார். பல்லி கத்த ஆரம்பித்ததற்கு இரண்டு வாரம் முன்னால் டைம் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. செருப்புப் போர்டு ஞாபகம் போலும். செருப்பே போடாமல்தான் வந்திருந்தார்.

“ஸார், கிராஜுவிட்டின்னு ஒண்ணு வருமாமே... நம்ம பசங்க சொன்னானுங்க. எனக்கு உண்டா ஸார்?”

உண்டு. அன்று நடப்பிலிருந்த 1972-ம் வருஷத்து கிராஜுவிட்டி சட்டப்படி, ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் கிடைக்கும். ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வேண்டும். அவருடைய கடைசிச் சம்பளம் 5,200 ரூபாய். வருஷத்துக்கு 3,000. பன்னிரண்டு வருஷத்துக்கு 36,000 ரூபாய். எனக்கு மனக்கணக்காகவே வந்துவிட்டது. மானேஜரிடம் போனேன்.

“கொடுத்துடலாமே. வருஷத்துக்கு 240 நாள் வேலை செஞ்சதுக்கு ரிக்கார்டு காட்டுங்க, கையெழுத்துப் போடறேன்” என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். ஒரு வருஷத்தில் 240 நாள் வந்திருந்தால் அது முழு வருஷ சர்வீஸ் என்பது சட்டத்திலேயே இருக்கிறது.

ரிக்கார்டுக்கு எங்கே போவது? மஸ்டர் ரோல் நோட்டுகள் ஸ்டோர் ரூமில் இருந்தன. முந்தைய மழைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒழுகி, நோட்டுகள் எல்லாம் ஊறிப் போன அப்பளக் கட்டு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பிரித்தால் பக்கம் வரவில்லை, பிட்டுப் பிட்டாக வந்தது. ‘போனால் போகிறது, எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறதே’ என்று அப்போது அலட்சியமாகச் சொன்ன புத்திசாலி யார் என்கிறீர்கள்? அடியேன்தான்.

கம்ப்யூட்டரிலிருந்து ஃப்ளாப்பியில் காப்பி எடுத்து வைக்கும் நல்ல பழக்கமும் எனக்கு ஒரு காலத்தில் இருந்தது. முதல் இரண்டு வருஷம். அப்புறம் ஃப்ளாப்பியில் பூஞ்சை பிடித்தது. எனக்குச் சோம்பல் பிடித்தது.

“திங்கக்கிழமை வாங்க அண்ணே, எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து வெச்சுடறேன்” என்று அனுப்பிவிட்டேன். அந்தத் திங்கட்கிழமை எடை மேடையில் லாரிக் கூட்டம். அடுத்த திங்கட்கிழமைக்குள் பல்லி கத்திவிட்டது. யாரும் கைவைக்கக் கூடாது என்று கம்ப்யூட்டரை அணைத்துத் துண்டு போட்டு மூடி, லாரிச் சீட்டைக் கார்பன் வைத்துக் கையால் எழுத ஆரம்பித்தேன்.

பல்லி ஏன் கத்துகிறது?

ஹார்ட் டிஸ்க் என்பது, கண்ணாடி போலப் பளபளக்கும் தட்டு ஒன்றோ பலவோ அடுக்கி வைத்த பெட்டி. நிமிஷத்துக்கு 5,400 தடவை, 7,200 தடவை என்று சுழலும். அதன் மேல் ஒரு குட்டிக் கை ஊசி மாதிரி போய் வரும்; கிராமபோன் ஊசி மாதிரி தட்டைத் தொடாது. நம் தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவான உயரத்தில் மிதந்தபடியே படிக்கும். சில இடங்களில் காந்த எழுத்து மங்கிப் போனாலோ, கை தளர்ந்து போனாலோ படிக்க முடியாது. உடனே கை தன் ஆரம்ப இடத்துக்குத் திரும்பி, மறுபடி போய்ப் படித்துப் பார்க்கும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மறுபடி படிக்கிற தாத்தா மாதிரி. அந்தப் போக்குவரத்துத்தான் ‘டிக்... டிக்...’

இதைத் தம்பி எனக்கு விளக்கியபோது அருகில் நின்ற மானேஜர், “அந்த ஹார்ட் டிஸ்க்கை ஐஸ் பெட்டியிலே வெச்சு எடுத்தா சரியாயிடும்னு கேள்விப்பட்டேனே” என்றார்.

“வெளியே எடுத்ததும் ஈரம் கோத்துக்கும் ஸார். மிச்சமிருக்கிற உயிரும் போயிடும்” என்றான் தம்பி. மானேஜர் தன் ஆராய்ச்சியை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

தாய்லாந்தில் மழை, ரிச்சி தெருவில் குடை

புது ஹார்ட் டிஸ்க் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனேன். மவுண்ட் ரோடை ஒட்டிய அந்தத் தெருவில் நுழைந்தால், ஒயர் முதல் வாக்கி டாக்கி வரை எதுவும் கிடைக்கும், நடக்க இடம் மட்டும் கிடைக்காது. விலை கேட்டதும் எனக்கே ஹார்ட்டில் ‘டிக்’ என்றது. சில மாதம் முன் விசாரித்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு!

“தாய்லாந்துலே வெள்ளம் ஸார்” என்றார் கடைக்காரர்.

விளையாடுகிறாரோ என்று நினைத்தேன். நிஜம்தான். உலகத்துக்கே ஹார்ட் டிஸ்க் செய்து கொடுக்கும் பெரிய தொழிற்சாலைகளும், அவற்றுக்கு உதிரி பாகம் கொடுப்பவையும் தாய்லாந்தில் இருந்தன. 2011 அக்டோபரில் அங்கே வந்த வெள்ளத்தில் அவற்றில் பல மூழ்கிவிட்டன. பாங்காக் பக்கம் மழை பெய்தால் கும்மிடிப்பூண்டி டைம் ஆபீஸ் கிளார்க் நனைய வேண்டியிருக்கிறது. உலகம் அவ்வளவு சின்னதாகிவிட்டது!

பேரம் பேசி, 500 ஜி.பி.யில் ஒன்று வாங்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டி போனேன். பெட்டியைப் பிரித்துப் பார்த்த தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான்.

“ஸார், இது ஸாட்டா! நம்மளுது ஐ.டி.இ.!”

பழைய கம்ப்யூட்டரில் நம் வீட்டு ரிப்பன் அகலத்துக்குச் சப்பையான கேபிள் இருக்கும், நாற்பது ஊசிக்கு. 2003 வாக்கில் வர ஆரம்பித்த ‘ஸாட்டா’வில் கேபிளும் ஒல்லி, வாயும் சின்னது. மூன்று முனை பிளக்கை இரண்டு ஓட்டை பாயின்ட்டில் செருகுகிற கதைதான். “ஐ.டி.இ.ன்னு கேட்டு வாங்கணும்னு சொன்னேனே ஸார்?” என்றான். சொன்னான்தான். என் காதில் ‘ஐடியா’ என்று விழுந்திருந்தது.

மறுபடி ரயில், மறுபடி ரிச்சி தெரு. நாலு கடை ஏறி இறங்கி, ஐந்தாவது கடையில் பரண் மேலிருந்து ஒரு 80 ஜி.பி. ஐ.டி.இ. டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தார்கள். “இனிமே இது வராது ஸார். பத்திரம்” என்றார் கடைக்காரர், பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறவர் மாதிரி.

இதற்கிடையில் என் மனைவி தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தாள். எங்கள் ஊர் வீரராகவப் பெருமாளுக்கு ‘வைத்திய’ வீரராகவர் என்றே பேர். அமாவாசைக்கு அமாவாசை வெளியூரிலிருந்தெல்லாம் கூட்டம் வந்து, உடம்பு குணமாக உப்பும் மிளகும் செலுத்திவிட்டுப் போகும். “அந்தப் பெரியவர் பாவம், காசு கிடைக்கணும்” என்று இவளும் வேண்டிக்கொண்டு செலுத்திவிட்டு வந்தாள். நோயாளி ஹார்ட் டிஸ்க் என்று பெருமாளிடம் சொன்னாளா, தெரியவில்லை.

முதலில் எது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை ஆரம்பித்தோம். நான் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகப் புது டிஸ்க்கை மாட்டத் தயாரானேன். தம்பி தடுத்தான்.

“மாட்டறது அப்புறம் ஸார். முதல்லே காப்பி. சாகப் போறவன்கிட்ட உயில் எழுதி வாங்கிட்டுத்தான் மத்த வேலை.”

பழைய டிஸ்க்கைக் கழற்றினான். ஐ.டி.இ. வாயையும் யு.எஸ்.பி. வாயையும் சேர்த்து வைக்கும் சின்ன அடாப்டர் ஒன்று வைத்திருந்தான். அதில் டிஸ்க்கை மாட்டித் தன் லாப்டாப்போடு இணைத்தான்.

“இதுலே எது இல்லேன்னா உங்களுக்குத் தூக்கம் வராது ஸார்? அதை முதல்லே எடுத்துடலாம். ரொம்ப நேரம் சுத்த விடக் கூடாது.”

நான் யோசிக்கவே இல்லை. “மஸ்டர் ரோல்.”

வருஷத்துக்கு ஒரு ஃபைல். 1999 வந்தது. 2000 வந்தது. 2001, 2002, 2003... ஒவ்வொன்றும் வரவர, எளாவூர்ப் பெரியவரின் ஆயுளில் ஒவ்வொரு வருஷத்தை நாங்கள் கிணற்றிலிருந்து வாளியில் மொண்டு எடுப்பது போல இருந்தது எனக்கு. 2004-05 ஃபைலில் வாளி நின்றது. ‘டிக்... டிக்... டிக்...’ படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது.

“விட்டுட்டு அடுத்ததை எடுப்போம். இதோட மல்லுக்கு நின்னா மீதியும் போயிடும்” என்றான். 2005-லிருந்து 2011 வரை வந்துவிட்டது. சம்பளம், போனஸ், எடை மேடை ஃபோல்டர்களும் வந்துகொண்டிருந்தன. அப்போது பார்த்துப் போயிற்று கரண்ட்!

அந்த டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வெளியே கரண்ட் கட்டை வைத்துத்தான் கடிகாரத்தைச் சரிபார்த்தோம். லாப்டாப்பில் பேட்டரி உண்டு. அடாப்டருக்கு சுவர் கரண்ட் வேண்டும். டிஸ்க் ‘உய்ய்...’ என்று இறங்கி நின்றது. திரும்பக் கிளம்புமா என்பது அந்த வீரராகவருக்கே வெளிச்சம்.

கரண்ட் வரும் வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தது. தம்பி ஸ்விட்சைப் போட்டான். டிஸ்க் முக்கியது, முனகியது, சுற்றியது. மீதி ஃபோல்டர்கள் வந்தன. கடைசியாக 2004-05 மஸ்டர் ஃபைலுக்கு இன்னொரு தடவை முயன்றான். இன்னொரு தடவை. அது வரவே இல்லை.

காணாமல் போன வருஷம்

மறுநாள் மானேஜர் உதட்டைப் பிதுக்கினார்.

“நடுவுலே ஒரு வருஷம் இல்லேன்னா, ஆடிட்டர் அதை சர்வீஸ் பிரேக்குன்னு சொல்லிடுவாரே! அப்புறம் 2005-லேர்ந்துதான் கணக்கு ஆரம்பிக்கணும். நீங்க வேணா அந்த வருஷமும் வந்தார்னு எழுதிக் கொடுங்க. ஆனா எதை வெச்சு எழுதுவீங்க?”

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் ஒருவனுடைய சோம்பலுக்கு அந்த மனுஷன் பாதிக் காசை இழக்க வேண்டுமா? 2004-05. அந்த வருஷம் நான் என்னவெல்லாம் டைப் அடித்தேன்? மஸ்டர். சம்பளம். ஓவர்டைம். தீபாவளி சமயத்தில்...

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். போனஸ்!

போனஸ் சட்டப்படி ஒரு ரிஜிஸ்தர் வைக்க வேண்டும். அதில் ஒவ்வொரு தொழிலாளியின் பேருக்கு நேரே, அந்த வருஷம் எத்தனை நாள் வேலை செய்தார் என்று ஒரு காலம் உண்டு. ஏப்ரலிலிருந்து மார்ச் வரை மொத்தமாகக் கூட்டிப் போடுவதற்குள் முதுகு உடைந்துவிடும். வருஷா வருஷம் சபித்துக்கொண்டே டைப் அடித்த காலம் அது!

காலையில் முதல் வண்டி. தம்பிக்குப் போன் போட்டு லாப்டாப்போடு வரவழைத்து, போனஸ் ஃபோல்டரைத் திறந்தேன். 2004-05 ஃபைல் முழுசாக இருந்தது. பெரியவரின் பேருக்கு நேரே: 287 நாட்கள்.

மானேஜரிடம் பிரிண்ட்டை நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி, இறக்கிப் படித்தார். “போனஸ் கொடுக்கறப்போ இந்தக் கணக்குக்கு நானே கையெழுத்துப் போட்டிருப்பேனே” என்று முணுமுணுத்தார். பேனாவைத் திறந்தார்.

எண்பது வாங்கினால் முப்பத்திரண்டு!

ஒரு கவலை தீர்ந்தது. இனி லாரி நகர வேண்டுமே! புது டிஸ்க்கை மாட்டி ஸ்விட்சைப் போட்டோம். திரையில் கம்ப்யூட்டர் கம்பெனி பேர் வந்தது, டிஸ்க்கைத் தேடுகிறேன் என்று வந்தது, அப்படியே நின்றது. பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். ‘கோமா’ என்றான் தம்பி.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். ஸ்விட்ச் போட்டதும் முதலில் விழிப்பது ‘பயாஸ்’ என்கிற குட்டி புரோகிராம். டிஸ்க்கை ‘சிலிண்டர்’ என்ற வளையங்களாகப் பிரித்து எண்ணுவது அதன் வழக்கம். எங்கள் கம்ப்யூட்டர் பிறந்த சமயத்து பயாஸ்கள் பலவற்றில், அந்த எண்ணிக்கையை எழுத ஒதுக்கிய இடத்தில் 65,535 வரைதான் கொள்ளும். எங்கள் 80 ஜி.பி.யில் இருந்தவை 1,55,061 சிலிண்டர்கள்! பழைய ஸ்கூட்டரில் மீட்டர் 99,999-க்கு அப்புறம் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும் அல்லவா? அதே கதை. ஸ்கூட்டராவது தொடர்ந்து ஓடும். பயாஸ் திகைத்து நின்றுவிடுகிறது. அந்த எல்லையைக் கணக்குப் போட்டால் சுமார் 32 ஜி.பி.

இப்படிச் சுவர் எழுப்பிவிட்டு முட்டிக்கொள்வது கம்ப்யூட்டர்காரர்களுக்குப் புதிதில்லை. முதலில் 504 எம்.பி.யில் ஒரு சுவர். பிறகு 8.4 ஜி.பி.யில் ஒன்று. அப்புறம் இந்த 32. அதைத் தாண்டினால் 137. ஒவ்வொரு தடவையும் ‘இவ்வளவு பெரிய டிஸ்க்கு யார் வாங்கப் போகிறார்கள்?’ என்று நினைத்திருப்பார்கள், எனக்கு 4.3 ஜி.பி. விற்றவர் மாதிரியே! 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி உலகத்தின் முதல் ஹார்ட் டிஸ்க்கை வெளியிட்டபோது, அதில் இரண்டடி அகலத் தட்டுகள் ஐம்பது. எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவு சுமார் 50 லட்சம் எழுத்து. இன்று செல்போனில் எடுக்கும் இரண்டொரு போட்டோவுக்கே அது காணாது.

நல்ல வேளையாக, டிஸ்க் செய்தவர்களே இதற்கு ஒரு மாற்று வைத்திருந்தார்கள். டிஸ்க்கின் முதுகில் சில ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் அரிசி மணி அளவில் ‘ஜம்பர்’ என்ற தொப்பியைப் போட்டால்தான் அது எஜமானா, எடுபிடியா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். (மாஸ்டர், ஸ்லேவ் என்று பேர்.) இன்னொரு ஊசி ஜோடியில் இரண்டாவது ஜம்பரைப் போட்டால், 80 ஜி.பி. டிஸ்க் ‘நான் வெறும் 32-தான்’ என்று அடக்கமாகப் பொய் சொல்லும். பயாஸும் நிம்மதியாக நம்பிவிடும். மாமியார் கேட்டால் புடவை விலையைக் குறைத்துச் சொல்வதில்லையா, அந்த மாதிரி.

தம்பி தீப்பெட்டியில் நாலைந்து ஜம்பர் வைத்திருந்தான். ஒன்றை நான் வாங்கிப் போடப் போய்க் கீழே தவறவிட்டு, மானேஜர் உட்பட மூன்று பேர் தரையில் தவழ்ந்தோம். கிடைத்தது. போட்டோம். ஸ்விட்ச். விழித்தது!

அடுத்து ‘எஃப்டிஸ்க்’ என்ற புரோகிராமால் டிஸ்க்கைப் பாகம் பிரிக்க வேண்டும். “பழைய டிஸ்க்கையும் கூட மாட்டிக்கவா?” என்றேன். “ஐயோ! ரெண்டும் மாட்டியிருந்தா ஒண்ணாம் நம்பர் எது, ரெண்டாம் நம்பர் எதுன்னு ஒரு செகண்டு தப்பாப் போச்சுன்னா, பழசைத் துடைச்சுடும். எனக்கு ஒரு தடவை ஆகியிருக்கு” என்று பழைய டிஸ்க்கை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தான். அதற்கு அப்புறம்தான் எஃப்டிஸ்க், விண்டோஸ் 98 எல்லாம்.

மூன்றரை மணிக்கு ஆந்திராவிலிருந்து வந்த ஸ்க்ராப் லாரி ஒன்று மேடையில் ஏறியது. திரையில் எடை வந்தது. டிரைவர் எதற்கோ என்று பயந்து போகும்படி நாங்கள் கை தட்டினோம்.

மானேஜர் மட்டும் யோசனையாக நின்றார். “ஏன்யா, பில்லுலே எண்பது இருக்கு. கம்ப்யூட்டர்லே முப்பத்திரண்டு காட்டுது. மீதி நாற்பத்தெட்டு எங்கே? ஆடிட்டர் கேட்பாரே!”

ஆடிட்டர் கேட்டார். அது தனிக் கதை.

உங்கள் வீட்டுப் பல்லிக்கு...

இன்றைக்கும் பழைய மெஷினோடு கட்டிப் போட்ட கம்ப்யூட்டர்கள் சின்னத் தொழிற்சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால், நான் பட்டுத் தெரிந்துகொண்டவை:

1. புதுச் சத்தம் கேட்டால் முதல் வேலை காப்பி. மாட்டுவது, மாற்றுவது எல்லாம் அப்புறம். மறுபடி கிடைக்கவே கிடைக்காததை முதலில் எடுங்கள்.

2. ஒரு காப்பி போதாது. இரண்டு காப்பி, இரண்டு இடத்தில். இரண்டும் ஒரே ஸ்டோர் ரூமில் இருந்தால் ஒரே மழை போதும்.

3. கடைக்குப் போகும் முன் பெட்டியைத் திறந்து, கேபிள் சப்பையா, ஒல்லியா என்று பாருங்கள். ஒல்லி டிஸ்க்கைச் சப்பைக் கேபிளில் மாட்டவும் மாற்று கார்டுகள் உண்டு. ஆனால் பயாஸின் சுவர் அப்போதும் நிற்கும்.

4. பாகம் பிரிக்கும்போது பழைய டிஸ்க் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம்.

பெரியவர் 2012 பொங்கலுக்கு முன்னால் செக் வாங்கிக்கொண்டார். எண்ணைப் படித்துக் காட்டச் சொன்னார். “முப்பத்தாறாயிரம், அண்ணே” என்றேன். அடுத்த மாதமே கண் ஆபரேஷன் செய்துகொண்டார். ஒரு நாள் மஞ்சள் பையில் வேர்க்கடலை கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, கம்ப்யூட்டரை ஆற அமரப் பார்த்தார்.

“இதுக்குள்ளேதான் நான் இருந்தேனா ஸார்?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பதிமூன்று வருஷமாக அந்தப் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தேன். உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்று மட்டும் தோன்றவில்லை.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது எடை மேடைக்குப் புது புரோகிராம், புது கம்ப்யூட்டர் எல்லாம் வந்தன. பழையதற்கு ஓய்வு கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் எனக்கும். இப்போது திருவள்ளூரில் வீட்டோடு இருக்கிறேன். போன வாரம் ராத்திரி ஹாலில் ‘டிக்... டிக்...’ என்று கேட்டது. நான் பஞ்சாங்கத்தைத் தேடுவதற்குள் சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது:

“என்னன்னு அப்புறம் பாருங்க. முதல்லே பேரன் போட்டோவையெல்லாம் காப்பி எடுத்துட்டீங்களா?”